பால்கனிச் சாவி

முப்பத்தெட்டாம் நாள்
பால்கனிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கினேன்.
கொருக்குப்பேட்டை கேட்டுக்குப் பக்கத்துக் கடையில்
நாற்பத்தைந்து ரூபாய்.
"எலித் தொல்லையா, பூனையா?" என்றார் கடைக்காரர்.
பூனை என்றேன்.

ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி.
பிள்ளை பிறப்பதற்கு முன்
அது துணி காயப்போடும் சுவர், அவ்வளவுதான்.
இப்போது நான் பாத்திரம் கழுவும்போது
முதுகில் அதன் பார்வை.

யாரிடம் சொல்வது இதை.

வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்:
பால் வருதா?
மாமியார் கேட்டாள், மாவுக்கடைக்காரி கேட்டாள்,
தண்ணி லாரி வரிசையில் முன்னால் நின்றவள்
குடத்தைக் காலால் நகர்த்திக்கொண்டே கேட்டாள்.
வருது, வருது.
ரவிக்கை நனைய வருது.
கண்ணிலிருந்தும் வருது,
அதை யாரும் சங்கில் அளக்கவில்லை.

டில்லிபாபு டிரெய்லர் ஓட்டுகிறான்.
எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் வரிசையில்
இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள்.
வீடியோ காலில் பிள்ளையைக் காட்டச் சொல்வான்.
காட்டுவேன்.
என் முகம் தெரியாமல்
போனைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன்.

இரவில் கூட்ஸ் போகும்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
எண்ணி முடிப்பதற்குள் பிள்ளை அழும்.
அந்த அழுகை என்னிடம் வந்து சேரவில்லை.
கேட் போட்ட ரோட்டில் மாட்டிய ஆம்புலன்ஸ் போல
தூரத்திலேயே நின்று அலறியது.
நானோ கேட்டுக்கு இந்தப் பக்கம்,
கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு.

"ராணி மாதிரி இரு, புள்ள ஆம்பளப் புள்ள" என்று
மாமியார் கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள்.
கயிற்றுக்கும் வலிக்காமல் கட்டினாள், பாவம்.

சாவியை எதிர்வீட்டு பர்வீனிடம் கொண்டுபோனேன்.
எக்ஸ்போர்ட் சட்டைக்குப் பிசிறு நூல் வெட்டுகிறவள்.
சட்டைக்கு அறுபது காசு.
"இத நீ வச்சிக்கோக்கா.
நானே வந்து கேட்டாலும் குடுக்காத."

கத்திரி நின்றது.
ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு
அந்தப் பூனையைத் தயாராக வைத்திருந்தேன்.
அவள் கேட்டது:
"எப்பலருந்து?"

இப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்றே
எனக்குத் தெரியாது.
வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.
சட்டை மூட்டையை ஓரமாகத் தள்ளி
அன்றைக்கு அவள் வேலை செய்யவில்லை.
இருநூறு சட்டை. நூற்றிருபது ரூபாய்.
கணக்குப் போட்டது நான்தான், அவள் இல்லை.

கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் ஜெயசீலி சிஸ்டர்
தடுப்பூசி அட்டையைத் தொடவேயில்லை.
பிள்ளையை பர்வீன் வாங்கிக்கொண்டாள்.
தூக்கம் வருதா, பிள்ளை தூங்கும்போதாவது?
செத்துப்போகலாம்னு தோணுதா?
டீ குடிச்சியா என்பது போலக் கேட்டாள்,
அதனால் பதில் சொல்ல முடிந்தது.

ஸ்டான்லிக்குச் சீட்டு எழுதினாள்.
அங்கே டாக்டரம்மா சொன்னார்: இது ஒரு நோய்.
காத்து கருப்பில்லை. உன் கொழுப்பில்லை.
எத்தனையோ பேருக்கு வரும், வந்து போகும்.
இந்த மாத்திரையோட பால் குடுக்கலாம்.
ரெண்டு வாரம் ஆகும் கேக்க ஆரம்பிக்க,
அதுவரைக்கும் ராத்திரியில தனியா இருக்காத.

அன்றிரவு டில்லிபாபு கூப்பிட்டான்.
பர்வீன் அவனிடம் என்ன சொன்னாளோ,
பின்னால் ஹாரன், லாரிகள் நகரத் தொடங்கிவிட்டன,
இவன் நகரவில்லை.
"போனத் திருப்பு ரூபா" என்றான்.
"புள்ளய அப்புறம் பாக்கறேன்."

மாத்திரை தொடங்கி இருபத்தாறு நாள்.
நல்லாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
போன வியாழன் பதினொன்றிலிருந்து மூன்று வரை
பர்வீன் வீட்டுத் தரையில்
நூல் பிசிறுகளுக்கு நடுவே தூங்கினேன்.
எழுந்தபோது தலைமுடியெல்லாம் வெள்ளை நூல்.
அவள் சிரித்தாள், எனக்கும் கொஞ்சம் வந்தது.
ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக வரவில்லை.
திங்கள், பிள்ளையின் காதுக்குப் பின்னால்
ஒரு மச்சம் இருப்பதைப் பார்த்தேன்.
இவ்வளவு நாள் அங்கேதான் இருந்திருக்கும்.

சாவி அவளுடைய பட்டன் டப்பாவில் கிடக்கிறது.
துணியெல்லாம் அவள் கொடியில் காய்கிறது,
என் நைட்டி, அவள் புர்கா, குட்டிக் கோவணங்கள்.
இன்றைக்குக் கேட்டு வாங்கிவிடலாம் என்று
காலையில் கதவைத் தட்டினேன்.

கொஞ்சம் கொத்துமல்லி
வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.